நெருப்பு வருமுன் வெந்துபோகும் அட்டைகள்

(பழைய அஞ்சலட்டை, தபால்தலை, விளையாட்டு அட்டை சேகரிப்போர் சென்னையில் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும், பின்வரிசையில் கார்டுகளைக் கைமாற்றிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

தலைமை வகிக்கும் ஐயா என்னை அறிமுகப்படுத்தும்போது, "நாற்பது வருடமாக அஞ்சலட்டை சேகரிப்பவர்" என்றார். நாற்பது வருடமாக அஞ்சலட்டை தொலைப்பவர் என்று சொல்லியிருந்தாலும் பொய்யாகாது. இன்று என்னைப் பேச அழைத்ததே அந்த இரண்டாவது தகுதிக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மூர் மார்க்கெட் நினைவிருக்கும். 1900-இல் திறந்த சிவப்புக் கட்டடம், சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். கல்லூரிப் பையனாக நான் அங்கே பழைய புத்தகம் பார்க்கப் போய், ஒரு கடைக்காரர் தகர டப்பாவிலிருந்து கொட்டிய பட அட்டைகளைப் பார்த்துவிட்டு, புத்தகம் வாங்காமலே திரும்பினேன். ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட மெட்ராஸ் காட்சிகள், பெயர் தெரியாத யாரோ யாருக்கோ எழுதிய நாலு வரி. அடுத்த மாதம் பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அந்த டப்பாவும் போயிருக்கும்.

லோனாவ்லாவுக்குப் பக்கத்தில் மளவ்லியில் ரவிவர்மா அச்சகம் இருந்தது. நம் பாட்டிமார் சட்டம் போட்டு மாட்டிய லட்சுமியும் சரஸ்வதியும் அச்சான இடம். அதுவும் 1972-இல் தீக்கிரையானது. இவையெல்லாம் பெரிய தீ. ஊர் கூடிப் பார்த்த தீ. நான் இன்று பேச வந்தது அவற்றைப் பற்றி அல்ல. இரண்டே நிமிடம் எரிந்து, பேப்பரில் ஒரு வரிகூட வராமல் அணைந்துபோகும் வீட்டுத் தீயைப் பற்றி.

1994 மழைக்காலம். மயிலாப்பூரில் ஒண்டுக்குடித்தனம். கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தியை ஒரு பிளாஸ்டிக் மூடிமேல் நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். காற்றில் ஜன்னல் திரை ஆடிப் பற்றிக்கொண்டது. என் அத்தை எங்களையெல்லாம் முந்திக்கொண்டு, குளியலறையில் நிரப்பி வைத்திருந்த அண்டாவை அப்படியே தூக்கி வந்து கவிழ்த்தார். தீ அணைந்தது. எரிந்தது பாதித் திரையும் ஒரு காலண்டரும்தான். தெருவே வந்து அத்தையைப் பாராட்டியது. நான் மட்டும் ஜன்னலடியில் இருந்த மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேஜைக்கு அடியில் ஒரு ஷூ பெட்டி. அதில் அறுபது அட்டைகள். அச்சடித்தவை அல்ல, நிஜமான போட்டோ அட்டைகள். ஸ்டுடியோவில் போட்டோ தாளிலேயே கழுவியெடுத்து, பின்பக்கம் முகவரிக் கோடு போட்டவை. அண்டாத் தண்ணீர் முழுக்க அந்தப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. மேஜைமேல் ஒரு ஆல்பம். நெருப்பு அதைத் தொடவில்லை, ஓர் அடி தள்ளி நின்றுவிட்டது. மறுநாள் காலையில் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. உறையும் உறையும் ஒட்டி, உறையும் அட்டையும் ஒட்டி, ஒரே பாளமாக இருந்தது. ஆக, அன்று எரிந்த அட்டை ஒன்றுகூட இல்லை. போன அட்டைகள் நூற்றுக்கு மேல்.

இதைத்தான் இந்த மாலை முழுக்கச் சொல்லப்போகிறேன். அட்டையைக் கொல்ல நெருப்பு வந்து தொட வேண்டியதில்லை. சூடு போதும், நீராவி போதும், புகை போதும், அணைக்கும் தண்ணீர் போதும். இந்த நான்கும் சுவாலைக்கு முன்னும் பின்னும் வருகின்றன. நாமோ சுவாலையை மட்டும் நினைத்துக்கொண்டு பெட்டி வாங்குகிறோம்.

பெட்டி என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது பீரோ. பத்திரம், நகை, பட்டுப்புடவை எல்லாம் பீரோவுக்குள்தான். கல்யாண ஆல்பத்தையும் அங்கேதான் வைக்கிறோம். திருடனுக்கு அது கொஞ்ச நேரத் தடை. தீக்கு அது அடுப்பு. ஒற்றை இரும்புத் தகடு சூட்டைத் தடுக்காது, வாங்கி உள்ளே கொடுக்கும். வெளியே சுவாலை எரிய, உள்ளே காகிதம் தீயே காணாமல் கருகும். ஒரு நன்மையை மறைக்கக் கூடாது. சிறு தீயாக இருந்து சீக்கிரம் அணைத்துவிட்டால், மேலிருந்து கொட்டும் தண்ணீரையும் கரியையும் பீரோ ஓரளவு வெளியே நிறுத்தும். என் ஷூ பெட்டி அன்று பீரோவுக்குள் இருந்திருந்தால் தப்பியிருக்கும்.

அடுத்தது சேஃப். இப்போது கடையில் எண் பொத்தான் வைத்த குட்டிப் பெட்டிகள் கிடைக்கின்றன. ஹோட்டல் அலமாரிக்குள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை திருட்டுக்கு மட்டும். "சேஃப்" என்ற சொல்லைக் கேட்டவுடன் தீக்கும் சேர்த்துத்தான் என்று நாமே கற்பனை செய்துகொள்கிறோம். தீக்கான பெட்டி தனி ஜாதி. தூக்கிப் பார்த்தாலே தெரியும், கனக்கும். சுவர் தடிப்பாக இருக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஜிப்சம் கலவையோ கான்கிரீட் கலவையோ அடைத்திருப்பார்கள்.

அந்தக் கலவை எப்படி வேலை செய்கிறது என்பது ரசமான விஷயம். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். நாம் பார்க்கிற ஈரமாக அல்ல, கல்லோடு கல்லாகப் பிணைந்த தண்ணீர். சூடு ஏறினால் அந்தப் பிணைப்பு விட்டு, தண்ணீர் ஆவியாகும். ஆவியாவதற்கே சூட்டில் பெரும்பகுதி செலவாகிவிடுவதால் உட்புறம் வேகமாகச் சுடுவதில்லை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். பானையில் கசிந்து ஆவியாகிற தண்ணீர் வெளியே போய்விடுகிறது. பெட்டியில் ஆவி உள்ளேயும் வரும். இட்லிக் கொப்பரை மாதிரி. பத்திரத்தாள் அந்த ஆவியைத் தாங்கும், கொஞ்சம் சுருங்கும், பிறகு அயர்ன் செய்துகூடப் படிக்கலாம். போட்டோ அட்டை தாங்காது. அதன் மேல்பூச்சு ஜெலட்டின். ஆவியில் ஜெலட்டின் பாயசம்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். தாள் தானாகப் பற்றுவது சுமார் 233 டிகிரி செல்சியஸ் என்று பொதுவாகச் சொல்வார்கள். தாளின் வகையைப் பொறுத்து முன்பின் ஆகும். அமெரிக்காவில் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் என்றொரு சோதனை நிறுவனம், இந்தப் பெட்டிகளை உலையில் வைத்து வேகவைத்துத் தரம் சொல்கிறது. ஒரு மணி நேரச் சோதனை என்றால், மணி முடியும்போது உலை 927 டிகிரியைத் தொட்டிருக்கும். அவர்கள் 350 என்று முத்திரையிட்ட பெட்டிக்கு என்ன அர்த்தம்? உள்ளே 350 ஃபாரன்ஹீட்டைத் தாண்டாது என்று அர்த்தம். நம் கணக்கில் 177 டிகிரி செல்சியஸ். தாள் பற்றும் சூட்டுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே விளம்பரத்தில் தீப்பாதுகாப்பு என்று போடுகிறார்கள். பொய்யில்லை. நிலப்பத்திரத்துக்கு அது நிஜமான பாதுகாப்பு.

நம் அட்டைகள் நிலப்பத்திரம் போல வெறும் தாளாகவா இருக்கின்றன? ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் சட்டை போட்டிருக்கிறோம். பி.வி.சி. உறை 80 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பிக்கும். தம்பிகள் கார்டுகளைச் செருகி வைக்கிற அந்தக் கெட்டியான டாப்லோடரும் பெரும்பாலும் பி.வி.சி.தான். தரம் போட்டு முத்திரையிட்டு வருகிறதே ஸ்லாப், அந்த வகைப் பிளாஸ்டிக் 100 டிகிரிப் பக்கம் வரும்போதே வளையும். பாலிபுரொப்பிலீன் கொஞ்சம் கெட்டி, 160-ஐத் தாண்டித்தான் உருகும். அதுவும் 177-க்குக் கீழேதான். மைலார் என்று நாம் சொல்லும் பாலியெஸ்டர் உறை ஒன்றுதான் 250 வரை உருகாமல் நிற்கும். மற்றவை அந்த முத்திரையிட்ட பெட்டிக்குள்ளேயே, பெட்டி தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே, அட்டைமேல் உருகிப் படியும். தாள் எரியாது. ஆனால் பார்க்கும்படியாக எதுவும் மிஞ்சாது.

பி.வி.சி.யைப் பற்றி இன்னொரு வார்த்தை. சூடு மிகுந்தால் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். ஓர் ஆல்பம் வெந்தால் பக்கத்து ஆல்பமும் அரிக்கும். தீயே இல்லாத காலத்திலும் மெதுவாக அட்டையைக் கெடுப்பதுதான் அதன் குணம். பழைய ஆல்பத்தைத் திறந்ததும் புது மழைக்கோட்டு வாசனை அடித்தால், இன்றிரவே அட்டைகளை வெளியே எடுங்கள்.

இன்னும் கடுமையான முத்திரைகளும் உண்டு. 150 என்றால் உள்ளே 66 டிகிரி. 125 என்றால் 52 டிகிரிதான். இந்த இரண்டிலும் ஈரப்பதத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் டேப்புக்காகவும் டிஸ்க்குக்காகவும் உண்டாக்கிய தரம். போட்டோ அட்டைக்கும் ஸ்லாபுக்கும் பொருந்துவது இதுதான். விலையும் எடையும் அதற்கேற்ப ஏறும். மாடி வீட்டுக்காரர்கள் தளம் தாங்குமா என்று ஒரு பொறியாளரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சேர்த்து வைத்திருக்கும் அட்டையின் மொத்த மதிப்பு பெட்டியின் விலையைவிடக் குறைவு என்றால் பெட்டி வேண்டாம். அந்தப் பணத்தில் அட்டை வாங்குங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

சென்னையில் வேறொரு சங்கடம். ஜிப்சம் பெட்டியைப் பூட்டி ஆறு மாதம் திறக்காமல் வைத்தால், தீயே வராமல் உள்ளே பூஞ்சை வரும். சுவரே ஈரம் கொண்ட பெட்டி. வெளியே நம் கடற்காற்று. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது, நிறம் மாறியதும் சுடவைத்துக் காயவைக்க வேண்டும். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். ராமபாணப் பூச்சிக்கும் அது ஒரு எச்சரிக்கை.

காகிதம் எரியும் விதத்தைப் பற்றி நமக்குத் தப்பான எண்ணம் ஒன்று இருக்கிறது, காகிதம் என்றாலே குபீரென்று எரியும் என்று. ஒற்றைத் தாள் எரியும். இறுகக் கட்டிய கட்டு எரியாது, ஓரம் கருகும். தாளுக்கும் தாளுக்கும் நடுவே காற்று நுழைய வழியில்லை. 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகருக்குப் பக்கத்தில் ராணுவத்தாரின் பணிப்பதிவேடுகள் இருந்த கட்டடத்தின் ஆறாவது மாடி பற்றியது. நாலு நாள் அணையவில்லை. 160 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. தானியங்கித் தெளிப்பான் அந்த மாடியில் இல்லை. அவ்வளவு எரிந்த இடத்திலும் இறுக்கமாக அடுக்கியிருந்த கோப்புகள் பல ஓரம் மட்டும் கருகி, நடு எழுத்து அப்படியே நிற்கக் கிடைத்தன. பிறகு அவற்றுக்கு எமனாக வந்தது தண்ணீரும், ஜூலை வெயிலில் கிளம்பிய பூஞ்சையும். மீட்க என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஊரில் மெக்டோனல் டக்ளஸ் விமான நிறுவனத்திடம் ஒரு பெரிய வெற்றிட அறை இருந்தது, விண்வெளிச் சூழலை உண்டாக்கிச் சோதிப்பதற்காகக் கட்டியது. நனைந்த கோப்புகளைப் பெட்டி பெட்டியாக அதற்குள் அடுக்கி உலர்த்தினார்கள். விண்கலத்துக்குக் கட்டிய அறையில் சிப்பாயின் சம்பளச் சீட்டு உலர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

நமக்கு இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா என்றால், உண்டு. அதிக விலை போகாத பெருந்திரள் அட்டைகளை ஆல்பத்தில் பரப்பி வைப்பதைவிட, அமிலமில்லாத அட்டைப்பெட்டியில், நடுவில் நல்ல தாள் வைத்து, தளர்வில்லாமல் நிறுத்தி அடுக்குவது மேல். பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள். தரையிலிருந்து நாலு அங்குலமாவது தூக்கி வையுங்கள். அணைத்த தண்ணீர் தரையில்தான் நிற்கும். மிக உயரமும் கூடாது. அறையில் தீப்பிடித்தால் சூடு முதலில் கூரையடியில்தான் திரளும். பரண் மோசமான இடம். நம் வீடுகளில் பழைய காகிதம் எல்லாம் பரணில்தான் இருக்கிறது.

பரண் என்றதும் போகி ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் வீட்டுத் தீயில் போன அட்டைகளைவிடப் போகித் தீயில் போனவை அதிகம் என்பது என் கட்சி. 1879 ஜூலை 1 அன்று காலணா அஞ்சலட்டை இந்த நாட்டில் வந்தது. அதன்பின் எத்தனை தலைமுறை அட்டையைச் சுவரில் தொங்கும் கம்பியில் குத்தி வைத்தார்கள்! நடுவில் ஓட்டை இருக்கும் அட்டை கிடைத்தால் முகம் சுளிக்காதீர்கள். அந்தக் கம்பிதான் அதைப் போகிவரை கொண்டுவந்து, போகியையும் தாண்டவைத்தது. சாவுச் செய்தி எழுதிய அட்டை கிடைப்பது அரிது. படித்ததும் கிழித்துப்போடுவதல்லவா வழக்கம்.

தீ எங்கிருந்து வரும் என்பதில் நீங்கள் அறியாதது ஒன்றும் இல்லை. ஒரே பிளக்கில் மூன்று மல்டிபிளக், இருபது வருட வயரில் ஏசி, கட்டிலடியில் கொசுவத்திச் சுருள், கார்த்திகைக்கு ஜன்னல் விளிம்பில் அகல். ராக்கெட் வரும் தீபாவளி இரவில் ஜன்னலை மூடுங்கள். ஸ்கூட்டர் பேட்டரியை அட்டைகள் இருக்கும் அறையில் சார்ஜ் போடாதீர்கள், இன்வர்ட்டரையும் அங்கே வைக்காதீர்கள். அந்த அறைக்குத் தனி எம்.சி.பி. வைத்து, வெளியூர் போகும்போது இறக்கிவிட்டுப் போனால் பாதி பயம் தீர்ந்தது. புகை எச்சரிக்கைக் கருவி மாட்டுங்கள், ஆனால் பூஜை அறைக்கும் தாளிக்கும் இடத்துக்கும் தள்ளி. இல்லாவிட்டால் சாம்பிராணிக்கு ஒருமுறை, கடுகுக்கு ஒருமுறை என்று அலறி, மூன்றாம் நாள் நீங்களே பேட்டரியைப் பிடுங்கிவிடுவீர்கள். என் வீட்டில் நடந்தது.

அணைப்பான் வாங்கும்போது ஏ.பி.சி. பவுடரா, கார்பன் டை ஆக்ஸைடா என்று கேட்பார்கள். பவுடர் எல்லாவற்றையும் அணைக்கும். அணைத்த பிறகு அறை முழுக்க மஞ்சள் மாவு, அது ஈரத்தில் அமிலத்தன்மை கொண்டு அரிக்கும். கார்பன் டை ஆக்ஸைடு சுத்தமானது, மின்சாரத் தீக்கு ஏற்றது. காகிதக் குவியல் உள்ளே கனன்றுகொண்டிருந்தால் அது போதாது, மறுபடி பற்றும். நான் இரண்டும் வைத்திருக்கிறேன், அறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில். உள்ளே மாட்டினால் தீக்குள் போய்த்தான் எடுக்க வேண்டும். அணைப்பானை ஒருமுறை அழுத்தியும் அடங்காவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து 101-க்குப் பேசுங்கள். அட்டைக்காகத் திரும்ப உள்ளே போகாதீர்கள். சாத்திய கதவே அட்டைக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

அணைந்த பிறகு இரண்டு அவசரங்களை அடக்க வேண்டும். சேஃப் சூடாக இருக்கும்போது திறக்கும் அவசரம் ஒன்று. தீ அணைந்த பின்னும் உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும். திறந்தால் காற்றுப் புகுந்து உள்ளே வெந்து நிற்கும் தாள் பற்றிக்கொள்ளலாம். கையால் தொடும் அளவுக்குக் குளிரட்டும். மற்றது, கரியைத் துடைக்கும் அவசரம். கரி எண்ணெய்ப் பசை கொண்டது. ஈரத்துணி பட்டால் தாளுக்குள் இறங்கிவிடும். ஊதி உதிர்த்து, உலர்ந்த ரப்பர் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும்.

நனைந்தவற்றுக்கு இரண்டு நாள்தான் கெடு, அதற்குள் பூஞ்சை வந்துவிடும். போட்டோ அட்டைகளைப் படம் மேலே பார்க்கத் தனித்தனியாகப் பரப்புங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிட்டால் என் ஷூ பெட்டி கதிதான். பரப்ப நேரமில்லை, அட்டைகள் அதிகம் என்றால், இடையே பட்டர் பேப்பர் வைத்து ஜிப் கவரில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். உறைந்துவிட்டால் பூஞ்சை நிற்கும், யோசிக்க நேரம் கிடைக்கும். மீன் வைக்கும் ஃபிரீசரா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். ஸ்லாபுக்குள் தண்ணீர் போகாது என்று நம்பும் தம்பிகளுக்கும் ஒரு சொல்: ஓரம் ஒட்டியிருக்கிறது, அடைக்கவில்லை. போகும்.

இன்ஷூரன்ஸைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தூக்கம் வரும். 2021 ஏப்ரலிலிருந்து பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொது வடிவப் பாலிசி இருக்கிறது. வீட்டுச் சாமான் அதில் சேரும். அரிய பொருளுக்கு மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய அட்டை அரிய பொருளா, விலக்கப்பட்ட ஆவணமா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை யாரும் ஞாபகம் வைப்பதில்லை. வங்கி லாக்கரும் நல்ல யோசனைதான். ஆனால் தீயில் போனால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையைப்போல நூறு மடங்கு வரைதான் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

தம்பிகளில் ஒருவர் முன்பே என்னிடம் கேட்டார், அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் கார்டு 126 லட்சம் டாலருக்குப் போனது நிஜமா என்று. நிஜம். 1952-இல் டாப்ஸ் நிறுவனம் அச்சிட்ட மிக்கி மேண்டில் கார்டு, 2022 ஆகஸ்டில் விற்றது. அதே 1952 வரிசையில் விற்காமல் தேங்கியதை 1960-இல் அந்த நிறுவனமே படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியது. அரிதாவது இப்படித்தான். ஆனால் அந்தக் கார்டு பல பிரதிகளாக அச்சான ஒரு படத்தின் ஒரு பிரதியே. என்னிடம் இருக்கும் அட்டைகளின் பின்பக்கம் வேறு வகை. 1911-இல் தஞ்சாவூரிலிருந்து ஒருவர் தங்கைக்கு, "மாடு கன்று போட்டது, அம்மாவுக்கு இருமல் தேவலை" என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பிரதி கிடையாது. ஆகவே இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுக்கிறேன், 600 டிபிஐ-யில். ஒரு பிரதி இணையச் சேமிப்பில், ஒன்று கும்பகோணத்தில் தங்கை வீட்டில். அட்டைகளிலேயே மூன்றில் ஒரு பங்கைத் தங்கை வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறேன். இரண்டு ஊரில் ஒரே நாளில் தீப்பிடிக்காது. இவ்வளவு பேசியதில் செலவே இல்லாத வழி இது ஒன்றுதான், அதிகம் நம்புவதும் இதைத்தான்.

நேரம் ஆகிவிட்டது என்று ஐயா பார்க்கிறார். கேள்விகளுக்குப் போகுமுன் ஒரு சாமானைச் சுற்றுக்கு விடுகிறேன், கைக்குக் கை மாற்றிப் பாருங்கள். அந்த ஷூ பெட்டியில் இருந்த கட்டு, இதில் இருபத்திரண்டு அட்டைகள் இருக்கின்றன. மேல் அட்டையில் ஒரு குடும்பம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரியும். அடியில் இருப்பது மெரினா என்று நினைக்கிறேன், நிச்சயமில்லை. ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரிக்க மட்டும் யாரும் முயல வேண்டாம்.